ஒட்டாது மேஸ்திரியும் தறி ரூம் சுவரும்

காஞ்சிபுரம் முழுக்கத் தேடினாலும், சுவரைத் தட்டிக் கேள்வி கேட்டு, காதை வைத்துப் பதில் வாங்கி, அந்தப் பதிலை வீட்டுக்காரரிடம் கோபமாகச் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். பெற்றோர் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவுக்கு அவர் ஒட்டாது மேஸ்திரி. புதுப் பூச்சு எதைப் பார்த்தாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது.

ஒருமுறை வங்கிக்குப் போனவர், டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். முறை வந்ததும் கவுன்ட்டருக்குப் போகாமல் நேராக மேனேஜரிடம் போய், "சார், ஒட்டாது. சேரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க" என்றார். மேனேஜர் காவலாளியைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேனேஜர் நாற்காலிக்குப் பின்னாலிருந்த பூச்சு மொத்தமும் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேஸ்திரியிடம் சொன்னோம். அவருக்கு மகிழ்ச்சியே இல்லை. "லீவு நாளாப் பாத்து வுழுந்துக்குது. நல்ல செவுரு சார் அது" என்றார்.

அவரை முழுதாகப் பார்த்தது என் பக்கத்து வீட்டில்தான். கமலாவும் அவர் கணவர் ஏழுமலையும் நெசவாளர்கள். பழைய தறி ரூமை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ரோடு போடப் போடத் தெரு உயர்ந்து, அந்த அறை தெருவைவிட இரண்டடி கீழே போய்விட்டது. மண் தள்ளும் என்று இன்ஜினியர், வீட்டை ஒட்டிய பக்கம் போக, மற்ற மூன்று சுவர்களையும் காங்கிரீட்டிலேயே வார்த்துவிட்டார். மகள் திவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "இருபத்திரண்டு வருசமா ஊர்ப் பொண்ணுங்களுக்குப் பொடவ நெஞ்சிட்டேன். எம் பொண்ணு முகூர்த்தப் பொடவைய நாந்தான் நெய்வேன்" என்று கமலா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். தறியில் நெடுக்காக ஏற்றும் பாவு நூல் தயாராக இருந்தது. புடவைக்கு இருபது நாள் வேண்டும். அதற்கு முன்னால் தறி நிற்க ஓர் அறை வேண்டும்.

கான்ட்ராக்டர் ஆட்கள் வந்து பூசிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு பக்கச் சுவரின் பூச்சு முழுதாக, தோசைக்கல்லிலிருந்து தோசை வருவதுபோல், உரிந்து வந்தது. அதன் பிறகுதான் ஏழுமலை கூப்பிட்டு, பக்கத்து ஓரிக்கையிலிருந்து மேஸ்திரி மொபெட்டில் வந்து இறங்கினார்.

"யாருபா பூசுனது?"

"கான்ட்ராக்டர் ஆளுங்க. ஒரே நாள்ல முடிச்சிட்டாங்க மேஸ்திரி" என்றார் ஏழுமலை. குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை பாக்கியிருந்தது.

மேஸ்திரி சுவரில் விரலைத் தேய்த்து, கமலாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாரு தங்கச்சி. எண்ணெ. காங்கிரீட் கொட்றதுக்கு முன்னாடி பலகையில தடவுனது. எண்ணெ வழியற நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா? அதாம்மா கத."

மிச்சப் பூச்சையும் தட்டி உதிர்த்துவிட்டு, சோப்புத் தூள் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் சுவர்களைத் தேய்த்துக் கழுவினார். உளியால் அங்குல அங்குலமாகக் கொத்தினார். சிமென்ட்டும் மணலும் கலந்த கூழை வீசி அடித்து, பலாப்பழத் தோல்போல் காயவிட்டார். திவ்யா போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அங்கிள், மேல பளபளன்னு பட்டி பாத்துடலாமே? இல்லாட்டி இந்த மாதிரி டெக்ஸ்சர்?"

 மேஸ்திரி, தறி இன்னும் ஏறாத அறையில், நெசவாளர் காலை விட்டு உட்காரும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். இல்லாத மிதியை மாற்றி மாற்றி மிதித்தார். குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை, அதுவும் இல்லாததை, இடமும் வலமும் தள்ளினார். காலை வெயில் ஜன்னலில் ஏறி இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஏழுமலை என்னிடம் வந்து, "சார், அவரு எங்க வீட்ல நெசவு பண்ணிக்கினு இருக்காரு, வந்து பாருங்க" என்றார்.

குழியிலிருந்தே தீர்ப்பு வந்தது. "பளபளன்னு போட்டா, வெயிலு செவுத்துல பட்டு நேரா உங்கம்மா கண்ணுல அடிக்கும். அரக்கு எது, மெரூன் எதுன்னு தெரியாம போவும். டெக்ஸ்சர் போட்டா அந்தச் சொரசொரப்புல இழை மாட்டிக்கும். தோளுக்கு மேல ஸ்பாஞ்ச் போட்டு மங்கலா வுடுவேன். தோளுக்குக் கீழ இரும்புக் கரணைல இழைச்சுத் தருவேன். பட்டி கெடையாது. போனை உள்ள வையி கண்ணு."

அப்படியே செய்தார். பூசி முடித்த இடத்தைச் சோதிக்கச் சட்டைப்பையில் கழிவுப் பட்டு ஒரு பிடி வைத்திருப்பார். சுவர் நெடுக அதை இழுத்துப் பார்ப்பார். ஓர் இழை சிக்கினாலும் கரணை திரும்பப் போகும். ஏழு நாள் வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தார், பிறகு காயவிட்டார்.

தறி ஏறுவதற்கு முதல் நாள் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மூன்று சுவர்களையும் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக். தறிக்குப் பக்கத்தில் வரும் மூலையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, சத்தம் மாறியது. டொக்.

மேஸ்திரி கீழே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி?" என்றார் கமலா.

"ஒட்டல தங்கச்சி. பாவு மேலயே வுழும்." நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டார். "தப்பு எம்பேர்லதான். அந்த எடத்த நான் கொத்தல."

"ஏன்?"

"கொத்த ஆரம்பிக்கறப்ப நீ பூஜை போட்டு மஞ்சளும் குங்குமமும் வெச்சிருந்தியே. அதும் மேல உளி வெக்க மனசு வரல."

ஊரில் ஒரு சுவருக்கும் இரக்கம் காட்டாத மனிதர் அவர். கமலாவுக்குக் கோபம் வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. குங்குமம் வைத்தது அவர் கை.  மேஸ்திரியின் சாமான் பையிலிருந்து உளியையும் சுத்தியையும் உருவினார்.

"தள்ளு. நான் வெச்சது, நானே எடுக்கறேன்."

முதல் அடி கமலாவுடையது. மீதியை மேஸ்திரி கொத்தினார். கழுவி, கூழ் அடித்து, மறுநாள் பூசினார். ஆனால் புதுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் வேண்டும். புடவைக்கு இருந்ததோ அதே இருபது நாள். தண்ணீர் தெளித்தால் ஜரிகை போகும். தெளிக்காவிட்டால் பூச்சு போகும்.

"தறிய ஏத்து. தண்ணியப் பத்தி உனுக்கு இன்னா? அது என் வேலை" என்றார் மேஸ்திரி.

அடுத்த ஏழு நாள் நான் பார்த்த காட்சி இது. குழியில் கமலா நெய்கிறார். அவருக்கும் சுவருக்கும் நடுவில் மேஸ்திரி குந்தியிருக்கிறார். இடது கையில் விரித்த கறுப்புக் குடை. அது தறி பக்கம் சாய்ந்திருக்கிறது. வலது கையால் குவளையிலிருந்து நீரை அள்ளிச் சுவரில் மெல்ல அறைகிறார். தெறிப்பதெல்லாம் குடையிலும் அவர் முதுகிலும். ஒரு துளிகூடப் பாவில் படவில்லை.

"மேஸ்திரி, எங்க ஊட்டுக்காரரு கூட எனுக்கு இவ்ளோ நேரம் கொடை புடிச்சதில்ல" என்பார் கமலா.

"உனுக்கு யாரு புடிச்சா? பொடவைக்குப் புடிக்கறேன். பேசாம நெய்யி."

போன் அடித்துக்கொண்டே இருக்கும். வேறு வீட்டுக்காரர்கள். "செவுரு எங்கியும் ஓடாது சார். இங்க கல்யாணம் ஓடியாந்துக்கினு இருக்குது" என்று சொல்லி வைத்துவிடுவார். ஏழு நாளுக்கும் கூலி வாங்கவில்லை. கேட்டதற்கு, அது தன் தப்புக்கான வேலை என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு புடவை தறியிலிருந்து இறங்கியது. திவ்யா அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். அரக்கில் மாம்பழ நிறக் கரை. மண்டபத்தில் நான் பார்த்தவரை, பந்திக்கு நேரமாகியும் மேஸ்திரி கடைசி வரிசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மேடையை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

போன வாரம் தறி ரூமுக்குப் போயிருந்தேன். சட்டம் போட்ட கல்யாணப் படம் ஒரு நாற்காலியில் இருந்தது. முருகன் படம் ஸ்டூலில். காலண்டர் தரையில், தறிக்கட்டையில் சாய்ந்து. மூன்று சுவர்களும் வெறுமையாக, மங்கலாக நின்றன.

"ஆணி ஒண்ணு அடிச்சு மாட்டக்கூடாதா?" என்றேன்.

கமலா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தச் செவுத்துலயா சார்?"