நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்துப் பற்கள்

“இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க” என்றாள் அவள், கையில் டார்ச் விளக்கோடு.

“ஆ” என்றார் கணவர். அவர் பஸ் டிரைவர். ஏழு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும். மணி ஆறரை ஆகிவிட்டது. சமையலறை ஜன்னலோரம் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, டூத்பிரஷ்ஷின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“முப்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு.” அவள் முகம் தொங்கிப் போனது. “நிஜமாவே எல்லாம் உங்களுதுதானா?”

“பின்ன, வாடகைக்கா எடுத்துட்டு வந்தேன்?”

அவளுக்கு இருபத்தெட்டு. முந்தின நாளே கண்ணாடி முன்னால் நின்று மூன்று தடவை எண்ணியாகிவிட்டது. மாமியாருக்குப் பதினொன்று. பன்னிரண்டு வயது மகளுக்கு இருபத்தாறு. மிச்சம் எப்போது வரும் என்று கேட்டால் அவள் எரிந்து விழுகிறாள். ஆக, வீட்டு நிலவரப்படி, ஆண்களுக்குத்தான் பல் அதிகம் என்று சொன்ன அந்தக் கிரேக்க ஞானிதான் முன்னணியில் இருந்தார்.

“அந்த ஆள் விவரமானவர்தான் போலிருக்கு” என்றார் கணவர் தாடையைத் தடவிக்கொண்டே. பதினான்கு வருடத் திருமண வாழ்க்கையில் தன் பக்கம் பேச ஒருவர் கிடைத்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வினை இதுதான். அவள் பாடநூல் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறவள். பதினொரு வருட வேலை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளைச் ‘சிவப்புப் பேனா’ என்பார்கள். திங்கட்கிழமை அவள் மேஜைக்கு ஒரு கட்டு வந்தது. அதன் முதல் தாள் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம். அதில் பழைய கிரேக்க ஞானி ஒருவரைப் பற்றி ஒரு பத்தி. விலங்குகளை இனம் பிரித்தார், அடைகாக்கும் முட்டையை நாளுக்கு ஒன்றாக உடைத்து உள்ளே குஞ்சு எப்படி வளர்கிறது என்று பார்த்தார் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், “பெண்களைவிட ஆண்களுக்குப் பற்கள் அதிகம் என்பதையும் அவரே உலகுக்கு உணர்த்தினார்” என்று இருந்தது.

அவள் அந்த வரியைச் சுழித்து, ஓரத்தில் ‘தவறு. இருவருக்கும் சமம்’ என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

முதலாளிக்குக் கிரேக்கம் என்றால் உயிர். அச்சக வாசலில் கிரேக்க பாணியில் இரண்டு சுதைத் தூண்கள் வைத்திருக்கிறார். அவை எதையும் தாங்கவில்லை. பேப்பர் கட்டு ஏற்றிவரும் தள்ளுவண்டி அவற்றில் இடிக்காத நாள் கிடையாது.

“ஏம்மா, இவர் யார் தெரியுமா? உலகத்துக்கே யோசிக்கக் கத்துக் கொடுத்தவர். ரெண்டாயிரம் வருஷமா யாரும் இவர் மேல கை வைக்கல. நீ சிவப்பு மையில சுழிக்கிறியே.”

“எண்ணிப் பார்த்தாரா சார்?”

“அவ்வளவு பெரிய மனுஷர் எண்ணி வேற பார்க்கணுமா?”

“நூல் ஆசிரியரையாவது ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார்.”

கேட்டார்கள். பாடத்தை எழுதிய பேராசிரியர் கப்பலில் உல்லாசப் பயணம் போயிருந்தார். நடுக்கடலில் போன் எடுக்கவில்லை. குழுவில் இருந்த மற்ற ஆறு பேரும் அந்தப் பாடத்தைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

“வியாழக்கிழமை இது மிஷின்ல ஏறணும்” என்றார் முதலாளி. “அதுக்குள்ள நிரூபி. முடியலன்னா அப்படியே கையெழுத்துப் போடு. அதுவும் முடியாதுன்னா, உன் மேஜையை நான் வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.”

அவள் மேஜைக்கு வந்த எந்தப் பக்கமும் அவள் கையெழுத்து இல்லாமல் அச்சாகாது. பதினொரு வருடத்தில் பொய் என்று தெரிந்த ஒரு வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டதில்லை. வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

வீடு கைவிட்டதும் அச்சகத்தை எண்ணுவதென்று முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முதலாளியே சாக்பீஸோடு கரும்பலகைப் பக்கம் நின்றுகொண்டார். மிஷின்காரர்கள் மூன்று பேர்: முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. பைண்டிங் பெண்கள் மூன்று பேர்: இருபத்தேழு, இருபத்துநான்கு, இருபத்திரண்டு.

“புள்ளைக்கு ஒண்ணுன்னு போச்சும்மா” என்றார் இருபத்திரண்டு. “பத்துப் பெத்தேன்.”

“சார், போன பல்லையும் சேர்த்துத்தானே எண்ணணும்?” என்றாள் அவள்.

“இல்லாததை எப்படிம்மா எண்ணுறது? பெரியவர் இருக்கிறதைத்தானே சொல்லியிருக்கார்” என்றார் முதலாளி. பிறகு பெருந்தன்மையாக, “என்னையும் எண்ணிக்கோ” என்று வாயைத் திறந்தார். அறுபது வயது வாயில் முப்பத்திரண்டு பற்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றன. பலகையில் அதையும் பெரிதாக எழுதினார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புதன்கிழமை அவள் பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி.

“ரெண்டு பேருக்கும் முப்பத்திரெண்டுதான். ஞானப்பல் சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது. அதுல ஆண் பெண்ணெல்லாம் கிடையாது. இதுக்கு எதுக்கும்மா சர்டிபிகேட்?”

“எங்க முதலாளி நம்ப மாட்டேங்கிறார்.”

“எங்க வேலை?”

அச்சகத்தின் பெயரைச் சொன்னாள். டாக்டரின் பேனா ஒரு நொடி நின்று, பிறகு வேகமாக எழுதியது. எழுதி முத்திரை குத்திவிட்டு, “வந்தது வந்தீங்க, வாயைத் திறங்க, பார்த்துடலாம்” என்றார்.

பார்த்திருக்க வேண்டாம். கடைவாய்ப் பல் ஒன்று உள்ளுக்குள் முழுக்கச் சொத்தை. முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு கையில் சர்டிபிகேட்டும் ஒரு கன்னத்தில் பஞ்சுமாக அவள் வெளியே வந்தபோது அவளுக்கு இருபத்தேழு.

முதலாளி சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “டாக்டர் லேடியா?”

“ஆமா சார்.”

“அப்ப அவங்க இப்படித்தான் எழுதுவாங்க” என்றவர், அவள் கன்னத்தைப் பார்த்தார். நேராகப் பலகைக்குப் போய், அவள் கணக்கில் இருந்த இருபத்தெட்டை அழித்து இருபத்தேழு என்று எழுதினார்.

வியாழக்கிழமை காலை அச்சுத் தகடு மிஷினில் ஏறிவிட்டது. மிஷின்காரர் பொத்தானில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலாளி பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. வீங்கின கன்னத்தோடு மிஷினுக்கும் பேப்பர் அடுக்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“போட மாட்டேன் சார்.”

“உனக்கென்னம்மா அவர் மேல இவ்வளவு வன்மம்?”

“வன்மம் எல்லாம் இல்ல. முட்டையை உடைச்சுப் பார்த்திருக்கார், அதுக்கு நான் கும்பிடு போடறேன். ஆனா முட்டையை உடைச்சுப் பார்த்தவருக்குப் பக்கத்துல இருந்த பொம்பளை வாயைப் பார்க்கத் தோணல. சரி, அவரு ஒருத்தர் தப்புப் பண்ணிட்டார். அப்புறம் ரெண்டாயிரம் வருஷமா மத்தவங்க என்ன பண்ணாங்க? உரை எழுதினாங்க. உரைக்கு உரை எழுதினாங்க. ராஜா படிச்சார், வைத்தியர் படிச்சார், வாத்தியார் படிச்சார். ஒருத்தராவது வீட்ல இருக்கிறவளைக் கூப்பிட்டு, வாயைத் திறன்னு சொன்னாங்களா? மூடுன்னுதான் சொன்னாங்க.”

பைண்டிங் பெண்கள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். மிஷின்காரர் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். “மேடம் கையெழுத்து இல்லாம நான் ஓட்ட மாட்டேன் சார்” என்றார்.

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. “எல்லாரும் சேர்ந்துட்டீங்களா? இப்பவே அந்த டாக்டரைக் கேட்கிறேன். எல்லார் காதுலயும் விழட்டும்.” சர்டிபிகேட்டில் இருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஹலோ, அச்சகத்துல இருந்து பேசறேன்” என்று அதட்டலாக ஆரம்பித்தார்.

“குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுது சார்” என்றார் டாக்டர். “புது செட்டு எப்படி இருக்கு? மேல் வரிசை ஆடுதா? பெரிய ஆஸ்பத்திரியில மாஸ்க் போட்டுக்கிட்டு உங்களுக்குப் பல் கட்டிவிட்டது நான்தான். அப்பவே சொன்னேன், வழக்கமா இருபத்தெட்டுதான் வைப்போம்னு. நீங்கதான் ஆம்பளைக்கு முப்பத்திரெண்டு வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிய சத்தம் மட்டும் மிஷின் ரூம் முழுக்கக் கேட்டது. முதலாளி போனை அணைத்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். ஜன்னல் வழியாகத் தூண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“திருத்தித் தொலை” என்றார் கடைசியில், வாயை அதிகம் திறக்காமல்.

தகட்டை இறக்கினார்கள். அவள் மெய்ப்புத் தாளில் தன் கையாலேயே அந்த வரியை அடித்துவிட்டு, “ஆண்களுக்கும் பெண்களுக்கும் பற்களின் எண்ணிக்கை சமம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு அழுத்திப் போட்டதில் அடியில் இருந்த தாளிலும் பதிந்தது. புதுத் தகடு வந்து, மிஷின் சாயங்காலம் வரை ஓடி நாற்பதாயிரம் பிரதிகளைத் தள்ளியது. அந்தச் சத்தம் அவளுக்கு மேளதாளம் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போன் செய்து, “அந்த ஆள் தோத்துட்டார்” என்று கணவரிடம் சொன்னாள்.

மறுநாள் புத்தகம் பைண்டிங்குக்கு வந்தது. பதினாறு பதினாறு பக்கங்களாகத்தான் அச்சாகும். அந்தப் பதினாறை ஒரு ஃபாரம் என்பார்கள். நூற்றுப் பன்னிரண்டோடு முடிகிற ஃபாரம் வேறொரு மெய்ப்பாளர் பார்த்து, போன வாரமே அச்சாகி அடுக்கில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்கும்போதுதான் அந்தப் பக்கங்கள் ஒன்றையொன்று முதல் தடவையாகப் பார்த்துக்கொள்ளும். பைண்டிங் பெண்கள் அவளுக்காக டீ வாங்கி வைத்திருந்தார்கள். வீங்காத கன்னத்துப் பக்கமாக அவள் அதைக் குடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி கூட ஓர் ஓரமாக வந்து நின்றிருந்தார்.

பத்துப் பிள்ளை பெற்ற அம்மாள் சேர்த்த புத்தகத்தை விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, இந்த நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ‘எதிர்ப்பக்கப் பத்தியில் ஒரே ஒரு தவறு இருக்கிறது, சொன்னவர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்காமல் நீங்களே சோதித்துக் கண்டுபிடியுங்கள்’னு போட்டிருக்கே, நானும் மூணு தடவை பார்த்துட்டேன், எங்கம்மா அந்தத் தவறு?”