மஞ்சள் குறிக்கு ஒரு மதிப்பெண்

மனித குலம் எட்டிய சிகரங்களில் மிக உயரமானது எது என்று கேட்டால், நிலவில் கால் வைத்தது என்று சிலர் சொல்லக்கூடும். பாவம், அவர்கள் மிச்சிகன் மாநில 'பிரெஸ்காட் ரேவன்' கார் பாதுகாப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவைப் பார்த்ததில்லை.

1970-இல் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் பிறந்த ரேவன், சும்மா நின்று உறுமினாலே எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். பிறந்த அன்று எப்படி இருந்ததோ, அணுவும் பிசகாமல் அப்படியே அதை மறுபடி உண்டாக்குவது எங்கள் சங்கத்தின் புனிதப் பணி. விழாவில் வண்டிக்கு மொத்தம் ஆயிரம் மதிப்பெண்; ஆயிரமும் வாங்கினால் தங்கப் பதக்கம். நான் துணைத் தலைமை நடுவர். வண்டியின் அடிப்பாகமும் திருகுகளும் என் இலாகா. மல்லாந்து படுத்தபடி நீதி வழங்கும் பேறு நாட்டில் வேறு எந்த நடுவருக்கு வாய்த்திருக்கிறது?

தொழிற்சாலையில் அன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி இறங்கியது. அவசரத்தில் பெயின்ட் வழிந்தது, இடது கதவு கொஞ்சம் கோணியது. ஆகவே எங்களுக்கு வழிசல் வேண்டும், கோணலும் வேண்டும். ஒழுங்காகச் செய்யப்பட்ட வண்டிகளை ஈவிரக்கமின்றித் தள்ளுபடி செய்வோம்.

டுவேன் பெல்க்கி ஓய்வு பெற்ற பல் மருத்துவர். பதினோரு வருடம் ஒரே ஒரு ரேவனோடு கழித்தவர். அவர் பிடித்த பெயின்டர் மாநிலத்திலேயே கெட்டிக்காரன். பாவி மனுஷனுக்கு மோசமாக அடிக்கவே வரவில்லை. பதினான்கு முறை சுரண்டி எடுத்து, பதினைந்தாவது முறை அவனைத் தும்ம வைத்துத்தான் சரியான வழிசலைப் பெற்றார். டயர்களுக்குள் இருப்பதுகூட 1970-ஆம் ஆண்டுக் காற்று. யாரோ ஒரு விவசாயியின் கொட்டகையில் கிடந்த பழைய டயரிலிருந்து பக்குவமாக இடம் மாற்றியது.

அப்படிப்பட்டவருக்குப் போன வருடம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் கிடைத்தது. பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு தகடு. அதில் தொழிலாளி ஒருவர் மஞ்சள் மெழுகுக்கட்டியால் கிறுக்கிய குறி இருக்க வேண்டும். வால் முளைத்த வட்டம் மாதிரி இருக்கும். டுவேன் வரைந்த குறியை எங்கள் தலைமை நடுவர் ஹெர்ம் வாண்டர்ப்ளூக் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுதினார்: "நிதானமாக வரையப்பட்டுள்ளது. ஒரு மதிப்பெண் கழிவு."

டுவேன் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழைய தொழிலாளர்களைத் தேடி அலைந்தார். வசந்தத்தில், அந்தக் குறியைப் போட்ட ஆளையே பந்துருட்டும் கிளப்பில் கண்டுபிடித்துவிட்டார். பெயர் ஓடிஸ் கிரிக்ஸ்பி. வயது எண்பத்தொன்று. தொழிற்சாலையின் கடைசி வரிசையில் பதினேழு வருடம் நின்றவர்.

இந்த ஜூலையில் ரேவன் வழக்கம்போல் டிரெய்லரில் வந்தது. கையுறை போட்ட நான்கு பேர் குழந்தையை இறக்குவதுபோல் புல்வெளியில் இறக்கினார்கள். ஓடிஸ் மடக்கு நாற்காலியோடு வந்தார். பழைய குறி ஏற்கெனவே துடைக்கப்பட்டிருந்தது.

"இந்தாங்க ஓடிஸ் அண்ணே," என்று மெழுகுக்கட்டியை நீட்டினார் டுவேன். "அந்தக் காலத்துச் சரக்கு. போடுங்க."

"வண்டி ஓடிச்சா?"

"எங்க?"

"எங்கயாவது."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தங்கப் பதக்கத்துக்கு வரும் வண்டியை ஓட்டுவதாவது! ஓட்டினால் புகைக்குழாய் சூட்டில் நீலம் பாயும், அடிப்பாகம் அழுக்காகும், மைல் கணக்கு நகரும். டுவேனின் ரேவன் பதினோரு வருடத்தில் ஒரு செருமல்கூடச் செருமியதில்லை.

"டாக்டரே, அது கையெழுத்து இல்ல," என்றார் ஓடிஸ். "சாவியப் போடுவேன், ஸ்டார்ட் பண்ணுவேன், வெளி முற்றம் வரைக்கும் ஒரு மிதி மிதிப்பேன். சத்தம் சரியா இருந்தா இறங்கி வந்து குறி. ஓடாத வண்டிக்குப் போட்டிருந்தா சூப்பர்வைசர் என் தோல உரிச்சிருப்பான்."

"ஐயா, இங்க யாரும் வண்டி ஓட்டுறதில்ல," என்றார் ஹெர்ம், மிகுந்த கண்ணியத்துடன்.

"வாசல்ல கார் விழான்னு போர்டு பாத்தேனே?"

"கார் விழாதான்."

"அப்ப எல்லாத்தையும் ஏன்யா படுக்கப் போட்டு வச்சிருக்கீங்க?"

டுவேன் நெற்றியைத் துடைத்தார். "அண்ணே, ஒரே ஒரு மதிப்பெண். ஒரு கிறுக்கு கிறுக்கிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பல்லக் கட்டி விட்டுட்டு, இனிமே எதையும் கடிக்காதன்னு சொல்லித்தான் ஆளுங்கள அனுப்புவீங்களா டாக்டரே?"

கணக்கு எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. குறி இல்லாவிட்டால் இந்த வருடமும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. குறி வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும். ஓடினால் இருநூறு காலி. டுவேன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

அப்போது பந்தல் நிழலிலிருந்து அவர் மனைவி ரோவீனா எழுந்து வந்தாள். "பதினோரு வருஷம், டுவேன். நான் அதுல ஒரு தடவகூட உக்காந்ததில்ல. என் சீட்டுல பிளாஸ்டிக் உறைதான் உக்காந்திருக்கு."

சொன்னவள் உறையை உருவி எறிந்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிவிட்டாள். டுவேன் சாவியை ஓடிஸிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எங்கள் விதிப்புத்தகம் வற்புறுத்தியபடி டேங்கில் சரியாக மூன்று கேலன் பெட்ரோல் இருந்தது. அந்த விதியை எழுதியவர் ஹெர்ம்தான். அது எதற்கு என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு இடியாய் முழங்கியது. ஹெர்மின் கையிலிருந்த மதிப்பெண் அட்டை விழுந்தது. பக்கத்தில் ஒருவர் தின்றுகொண்டிருந்த, இறைச்சிக் குழம்பு வழியும் சில்லி டாக் அவர் சட்டையிலேயே விழுந்தது. ரேவன் புல்லைக் கிழித்து, இரண்டு கறுப்புக் கோடுகளைத் தார் மேல் எழுதி, மாநிலச் சாலையில் மறைந்தது.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியது. கண்ணாடி முழுக்க ஏரிப் பூச்சிகள். சீட்டில், வழியில் தின்ற ஹாட் டாகின் கடுகுச் சாஸ். ரோவீனாவின் தலைமுடி நான்கு திசையிலும் நின்றது. ஒரு டயர் மட்டும் புதுசு. 1970-ஆம் ஆண்டுக் காற்று ஒரு சோளக்காட்டோரம் விடுதலை அடைந்திருந்தது.

ஓடிஸ் இறங்கினார், பானட்டைத் திறந்தார், பார்க்காமலேயே ஒரு இழுப்பு இழுத்தார். வால் முளைத்த வட்டம்.

ஹெர்ம் பூதக்கண்ணாடியோடு நெடுநேரம் குனிந்திருந்தார். "அசல்," என்றார். "ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது. கழிவு இருநூற்றுப் பதினான்கு."

"எவ்வளவு வேணா கழிச்சுக்க ஹெர்ம்," என்று டுவேன் சிரித்தார். நாற்பது வருடம் அடுத்தவர் பல்லையே பார்த்தவரின் சொந்தப் பற்களை அன்றுதான் நாங்கள் முழுதாகப் பார்த்தோம்.

ஓடிஸ் என் பக்கம் திரும்பினார். "உங்க வண்டி எப்படி?"

"ஆயிரத்துக்கு ஆயிரம்," என்றேன், அடக்கமாக.

"குறி இருக்கா?"

"இருக்கு."

"நான் எப்பய்யா அத ஓட்டினேன்?"

அன்று மாலை செயற்குழு அவசரமாகக் கூடியது. தொழிற்சாலையில் வேலை செய்த எவரும் இனி எந்த வண்டிக்கும் ஐம்பது அடிக்குள் வரக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். சங்கத்தில் தங்கப் பதக்க வண்டிகள் ஒன்பது இருக்கின்றன. ஒன்பதும், தாங்கள் நன்றாக ஓடியதாக மஞ்சள் எழுத்தில் சாட்சி சொல்லிக்கொண்டு அவரவர் கொட்டகையில் நிற்கின்றன. என் வண்டியின் சாட்சியத்தை எழுதியது என் மனைவி. அவளுக்கு அவசரமான கை. நிதானம் இல்லை என்று ஹெர்மே பாராட்டியிருக்கிறார்.