சவாசனத்தில் சம்பந்தி

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் பயபக்தியுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். எதிர்வீட்டில் தங்கள் தகப்பனாரும் நலம் என்றுதான் நம்புகிறேன். நேரில் போய்க் கேட்கத் துணிச்சல் இல்லை. இந்தக் கடிதத்தை என் மகளிடம் காட்டுவதும் காட்டாததும் தங்கள் விருப்பம். காட்டாமலிருந்தால் உத்தமம்.

ரத்தக் கொதிப்பு குறையும் என்று எங்கள் இருவரையும் ஆரம்பநிலை யோகா வகுப்பில் தாங்கள் சேர்த்துவிட்டது பெரிய மனது. குறை சொல்லவில்லை. ஆனால் ஆயுசு முழுக்கத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். எது மேலே விழும், எது வழுக்கும், எது வெடிக்கும் என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். அப்படிப்பட்டவனை வழுக்குகிற தரையில் வழுக்குகிற பாயைப் போட்டு ஒற்றைக் காலில் நில் என்றால் என்ன ஆகும்? மற்றவர்கள் எல்லாம் மரம் மாதிரி நிற்க, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தீப்பிடித்தால் வெளியே ஓட இந்த ஒரு கதவுதானா, அதன் குறுக்கே இவ்வளவு செருப்பை யார் கழற்றிப் போட்டது என்று டீச்சரை விசாரித்துக்கொண்டிருந்தேன். "ஐயா, நீங்க மூச்சை மட்டும் கவனிங்க"ன்னாங்க. கவனிச்சேன். அங்கதான் வினையே ஆரம்பிச்சுது. இத்தனை வருஷம் அது பாட்டுக்கு வந்து போய்க்கிட்டிருந்த மூச்சு, நான் கவனிக்க ஆரம்பிச்சதும் எந்த நிமிஷம் நிக்குமோன்னு ஆயிருச்சு. பக்கத்துப் பாயில் தங்கள் தகப்பனார், கணக்கு வாத்தியாராக இருந்த அதே மிடுக்கோடு சம்மணம் போட்டிருந்தார். "பயப்படாதீங்க சம்பந்தி" என்றார். "பயமா? எனக்கா?" என்றேன். குரல்தான் கொஞ்சம் பிசிறிவிட்டது.

கடைசியில டீச்சர் விளக்கை அணைச்சுட்டு, "எல்லாரும் பிணம் மாதிரி படுங்க"ன்னாங்க. ரத்தக் கொதிப்புக்காரங்ககிட்ட சொல்ற பேச்சா மாப்பிள்ளை இது? படுத்தேன். கண்ணை மட்டும் மூடலை. தங்கள் மாமியார் போனதிலிருந்து எனக்குக் கண்ணை மூடுவதென்றாலே பயம். திறக்காமலே போய்விட்டால் ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. திரும்பிப் பார்த்தால் தங்கள் தகப்பனார் அசையவில்லை. வயிறு ஏறலை, இறங்கலை. "சம்பந்தி"ன்னு மெதுவாக் கூப்பிட்டேன். மூக்குக்குக் கீழே விரலை வெச்சுப் பாத்தேன். மேலே மின்விசிறி சுத்தின சுத்துல மூச்சு இருந்தாத்தான் என்ன தெரியும்? அப்புறம் கை தானா முதலுதவியில இறங்கிருச்சு. மேலே ஏறி உக்காந்து நெஞ்சை அமுக்கியிருக்கேன். சட்டைப் பொத்தான் ஒண்ணு பறந்துபோய் டீச்சர் மேல விழுந்திருக்கு. அதோட நிறுத்தியிருந்தாலும் கடமைன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். கல்யாணம் பேசின நாள்லேருந்து 'வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி' தவிர அதிகம் பேசிக்காத மனுஷரைப் பாத்து, "டேய், எழுந்திருடா! நீயும் போயிட்டா நான் யார்கிட்டடா பேசுவேன்!"னு கூடமே அதிரக் கத்தித் தொலைச்சிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். தூங்கிவிட்டாராம், அவ்வளவுதான். மேலே உட்கார்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டு ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. எலும்பு ஏதாவது விட்டுப்போயிருக்குமா? சம்பந்தியை 'டா' போட்டவன் பெண்ணைத் தங்கள் வீட்டில் இனி என்ன நினைப்பார்கள்? சோறு இறங்க மாட்டேன் என்கிறது. தாங்கள்தான் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலில் விழவும் தயார். விழுவது ஒன்றுதான் அந்த வகுப்பில் எனக்கு நன்றாக வந்தது. முக்கியமாக, வகுப்பிலிருந்து என் பெயரை அடித்துவிடவும். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

தாங்களும் என் மகளும் எதிலும் மோதாமல், எங்கும் வழுக்காமல், நீண்ட ஆயுளோடு வாழ ஆசீர்வதிக்கும்,
நடுங்கும் மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உறையை ஒட்டப் போகும் நேரம் தங்கள் தகப்பனார் வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் சுருட்டிய பாய். "கிளம்பு, வகுப்புக்கு நேரமாச்சு" என்றார். "நீ இல்லாம போய்ப் பாத்தேன். எல்லாரும் படுத்தாங்க, எனக்குக் கண்ணை மூட முடியலை. என் வீட்டுக்காரி போனதிலேருந்து வீட்டுலயும் தூக்கமே கிடையாது. அன்னிக்கு நீ பக்கத்துல கண்ணை முழிச்சுக்கிட்டுக் கிடந்தியா, அந்த தைரியத்துலதான்டா தூங்கினேன்." ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், கை வலிக்க எழுதிவிட்டேனே என்றுதான் அனுப்புகிறேன். பெயரை அடிக்க வேண்டாம். அவசரமாகக் கிளம்புகிறேன், அவர் தூங்க வேண்டும்.