சிவப்பு டீசலும் லிபுவின் ஆறு ரொட்டிகளும்

அறுபத்தெட்டாவது வயதில் சட்டத்தை மீறுவது என்று முடிவு செய்தேன். அதைவிடப் பெரிய முடிவு, அதை லிபுவுக்குத் தெரியாமல் செய்வது.

கல்யாணமான நாற்பத்து நான்கு வருஷத்தில் என் மனைவியைக் கேட்காமல் நான் ஒரு சட்டை வாங்கியதில்லை. எந்த வயலில் மக்காச்சோளம், எந்த வயலில் சோயா, மாதா கோயிலில் எந்த பெஞ்சு, எல்லாம் அவள் சொல்வதுதான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். நான் கொஞ்சம் கூடுதலாக அப்படி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பேச்சு என் காதில் விழவில்லை. விழாதபடி பார்த்துக்கொண்டேன்.

லிபுவுக்கு வயிற்றில் புற்றுநோய். வியாழக்கிழமை தோறும் மருந்து ஏற்றிக்கொள்ள ஒமாஹா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய பிக்அப் வண்டி. அது டீசல் குடிக்கிற குடியைப் பார்த்தால் எங்கள் கல்யாண வீடுகளில் பீர் குடிக்கிறவர்கள் வெட்கப்படுவார்கள். கொட்டகைக்குப் பின்னாலோ தொட்டி நிறைய டிராக்டர் டீசல். அதே எண்ணெய்தான். சாலை வரி கிடையாது என்பதால் மலிவு. வயலைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் கண்டுபிடிப்பதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்துப் பண்ணை எமிலிடம் யோசனை கேட்டேன்.

"ரொட்டியில வடிகட்டு. சாயத்த ரொட்டி உறிஞ்சிடும். எங்க மாமா அப்படித்தான் செஞ்சாரு."

"மாட்டிக்கலையா?"

"மாட்டிக்கிட்டாரு. ஆனா அது கடை ரொட்டி. வீட்டு ரொட்டின்னா நல்லா கெட்டியா இருக்கும்."

சனிக்கிழமைகளில் லிபு செங்கல் கனத்தில் ஆறு முழு ரொட்டி சுடுவாள். ஒரு துண்டுகூட அவள் வயிற்றில் தங்காது என்று ஆன பிறகும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாவு பிசைந்து சுட்டாள். அந்த ஆறையும்தான் நான் கோட்டுக்குள் மறைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. புனலில் அடைத்து டீசலை ஊற்றினேன். ரொட்டி சிவந்தது. டீசல் ரோஸ் ஆனது. ரோஸ் என்பது சிவப்பு இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பிக்அப்பில் நிரப்பினேன்.

"லூமிர், ரொட்டி எங்க?"

"சாப்பிட்டுட்டேன்."

"ஆறும்?"

"பசி."

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் மேல டீசல் நாத்தம் அடிக்குதே."

"டிராக்டர் வேலை."

"டிராக்டர்ல உட்கார்ந்து ஆறு ரொட்டி தின்னியா?"

"வெண்ணெய் தடவித் தின்னேன்."

"ஓ, வெண்ணெய் இருந்ததா. அப்ப சரி."

அத்தோடு விட்டுவிட்டாள். லிபு ஒரு விஷயத்தை அத்தோடு விடுகிறவள் இல்லை. நான் உஷாராகியிருக்க வேண்டும்.

டீசல் சோதனை அதிகாரி ஆர்லன் வியாழக்கிழமைகளில் பெரிய சாலையில் இருக்கும் மாட்டு ஏலக் கொட்டகை வாசலில் நிற்பான். விவசாயிகளெல்லாம் பிக்அப்போடு வந்து சேரும் இடம் அது. அதனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் அன்றைக்கு மனைவியின் காரில்தான் ஏலத்துக்குப் போவார்கள். எனக்கு மனைவி உண்டு, மனைவிக்குக் கார் கிடையாது. ஆகவே அந்த வியாழக்கிழமை காலை பெரிய சாலையை விட்டுவிட்டு ஓடைக்கரைச் சரளைப் பாதையில் வண்டியைத் திருப்பினேன். லிபு மடியில் ஒரு துண்டையும் தகரக் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்திருந்தாள்.

"லூமிர், எனக்குப் போதும்ப்பா. இனிமே மருந்து ஏத்தினாலும் ஏத்தாட்டியும் ஒண்ணுதான்னு டாக்டரே சொல்லிட்டாரே."

ரேடியோவைப் போட்டேன். "பன்னி விலை ஏறியிருக்கு," என்றேன்.

இதை அவள் முதலில் சொன்னபோது வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு கிரீஸ் போட எழுந்து போனேன். ஈஸ்டர் அன்று சொன்னபோது கோழிக் கூண்டைச் சாத்தப் போனேன். கூண்டு சாத்தித்தான் இருந்தது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வண்டி ஓடுகிறவரை அவள் இருப்பாள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

மரப் பாலத்தருகே ஆர்லன் நின்று கையைக் காட்டினான்.

தொட்டி மூடியைத் திறந்து கண்ணாடிக் குழாயை விட்டான். வெளியே எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். ரோஸ்.

"இது என்ன சார்?"

"டீசல்."

"அது தெரியுது. உள்ள மிதக்குதே, அது?"

எட்டிப் பார்த்தேன்.

"சீமைச் சோம்பு," என்றாள் லிபு ஜன்னல் வழியாக. "எங்க வீட்டு ரொட்டியில நான்தான் போடுவேன்."

ஆர்லன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுதினான்.

"அபராதம் தபால்ல வரும் சார். தொட்டியக் காலி பண்ணிக் கழுவுற வரைக்கும் வண்டி சாலைக்கு வரக் கூடாது. இப்ப நேரா வீட்டுக்குப் போங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்ப்பா," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. லிபுவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். பிறகு தன் வண்டிக்குப் போய்விட்டான்.

"இந்தப் பாதையில ஒரு நாய்கூட வராது," என்றேன். "இவன் எப்படி இங்க வந்து நின்னான்?"

"நான்தான் போன் பண்ணேன்."

"நீயா? கட்டின புருஷனையா காட்டிக் கொடுத்தே?"

"வேற எப்படி உன்ன நிறுத்துறது? நான் வாயத் திறந்தா நீ எஞ்சின ஸ்டார்ட் பண்ற. ஏலக் கொட்டகைப் பக்கம் நீ போக மாட்டே, ஓடைக்கரையிலதான் நுழைவேன்னு எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "வாரத்துல ஆறு நாள் வாந்தி. ஒரு நாள் நல்லா இருக்கேன். அந்த ஒரு நாளும் இந்த வண்டிக்குள்ளயே போயிடுது. எனக்கு வீட்ல இருக்கணும் லூமிர். உன்கூட. நீ ஓட்டிக்கிட்டு இல்லாம, சும்மா உட்கார்ந்துக்கிட்டு."

ஸ்டீயரிங்மேல் தலையை வைத்து அழுதேன். மடியில் இருந்த துண்டை என்னிடம் கொடுத்தாள். முகத்தைத் துடைத்தேன். துடைத்ததும் புத்தி பழையபடி ஓட ஆரம்பித்தது.

"எமில்கிட்ட கார் கேக்கலாம். மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்."

"எமில் கார் இன்னைக்கு ரிப்பேர்."

"யார் சொன்னா?"

"நான்தான் அவன்கிட்ட சொன்னேன்."

"ஆஸ்பத்திரியில நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்களே, லிபு."

"இருக்க மாட்டாங்க," என்றாள். "ஆர்லனுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் போன் பண்ணேன்."

வண்டியைத் திருப்பினேன். மெதுவாகப் போகச் சொன்னாள். போனேன்.