வல்லாரைப் போத்தலும் இருபத்தொரு கேள்விகளும்

கட்டுகஸ்தோட்டை,
12.08.1996

அன்பு மருமகள் ஐரினுக்கு, மாமா கிறகரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் மாமி விட்டுப்போன அந்தூரியச் செடிகளும் சுகம். அங்கே நீயும் உன் ஆராய்ச்சியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உன் கோபக் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மனச்சோர்வுக்கு வல்லாரைச் சாறு கேட்குமா என்று பார்க்க நம் லேனில் பதினெட்டுப் பேருக்குப் போத்தலும், கிழமைக்கொன்றாக இருபத்தொரு கேள்விப் படிவமும் கொடுத்துப் போனாய். மாமி மோட்சம் போன பிறகு, பென்ஷனும் எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாய்? தெரியாதென்று நினைக்காதே. இப்போது, "பதினெட்டுப் படிவமும் ஏன் ஒரே கையெழுத்து? முதல் கிழமையே எல்லாருக்கும் எப்படிச் சுகமானது?" என்று கேட்கிறாய். நியாயம்தான். ஆனால் நடந்ததைக் கேள்.

முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே மரக்கறிக்கடைப் பாப்பம்மா வந்து நின்றாள். "ஐயா, நகரசபையில இருந்தவங்க நீங்க, இதக் கொஞ்சம் நெரப்பித் தாங்க." முப்பத்தாறு வருடம் படிவம் நிரப்பிய கை சும்மா இருக்குமா? கண்ணாடியைத் தேடியெடுத்து, 'அழவேண்டும்போல் இருந்ததா' என்று வாசித்தேன். "வெங்காயம் உரிக்கிறதையும் சேக்கணுமாங்க?" என்றாள். வேண்டாம் என்றேன். "அப்பவும் தெனந்தாங்க. மக குவைத்துக்குப் போயி ரெண்டு வருசமாச்சே." 'எப்போதும்' என்று எழுதப் பேனை ஓடவில்லை ஐரின். மேலிடம் விசாரணைக்குக் கூப்பிடும்படி எதையும் எழுதாதே என்பதுதான் நகரசபைக் கந்தோரில் நான் படித்த முதல் பாடம். 'ஒருபோதுமில்லை' என்று போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து மகளைப் பற்றிக் கேட்டேன். அவள் எழும்பிப் போக ஒன்பது மணி.

அவள் போக, அக்குறணையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹுஸைன் நானா. "நித்திர வருதாண்டு கேக்குறாங்களே, வந்தா கேஸா, வராட்டிக் கேஸா?" வராவிட்டால்தான் நோய் என்றேன். "அப்ப நல்லா வருதுண்டு போடுங்க" என்று கொட்டாவி விட்டார். நானும் போட்டேன். அப்புறம் கேக்கணுமா, வாசல்ல கியூ! கதிரை பத்தாம பக்கத்து வீட்டு நீள வாங்கையும் இழுத்துப் போட்டேன். உன் படிவத்துக்கு ஒரு நாள், பாஸ்போர்ட் படிவத்துக்கு ஒரு நாள், பிள்ளைய ஸ்கூல்ல சேக்க ஒரு நாள். தேத்தண்ணிக்கே மூணு பைக்கட் பால்மா முடிஞ்சுது போ!

ஆகவே மற்றப் பதினேழையும் கிழித்துப் போடு. என் படிவம் மட்டும் சத்தியம். பசி நல்லது, நித்திரை நல்லது. போன ஞாயிறு பூசையில் நான் உரத்துப் பாடியதில் ஃபாதரே திரும்பிப் பார்த்தார். உன் சாறு பொன்னான சாறு. ஆராய்ச்சியை நிறுத்தப்போவதாக எழுதியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம் மகள். கேள்வியை நாற்பதாக்கு. இனிமேல் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அந்த வாங்கு வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க என்னால் ஏலாது.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்,
மாமா கிறகரி

பி.கு.: மிச்சப் போத்தல்களைத் திருப்பி அனுப்பச் சொன்னாயே என்று இப்போதுதான் அலுமாரியைத் திறந்தேன். என் பங்குப் போத்தல் ஆறும் சீல் உடையாமல் அப்படியே நிற்கின்றன. யாரும் வராத ஒரு காலை பார்த்துக் குடிக்கத் தொடங்கலாமென்று வைத்தது. அப்படியொரு காலை இன்னும் வரவில்லை.