பதினேழு இணைப்புகள்

சுரங்கக் குத்தகை எடுத்தவர் அடுத்தவர் நிலத்துக்குள் இறங்கலாம். ஆனால் அந்த நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் இழப்பீடு கொடுக்க வேண்டும். தகராறு வந்தால், அதேபோன்ற நிலத்தின் மூன்றாண்டு விளைச்சலைப் பார்த்து அரசு அதிகாரி தொகையை முடிவு செய்வார். இதுதான் விதி. கனிமத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். (சொல்கிறவன் படித்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.)

இசக்கிமுத்து, மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு இஸ்திரி போடுகிறவர். வீடு தாராவியில். திருநெல்வேலிப் பக்கம் அவர் பெயரில் ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. மனைவி பேச்சியம்மாள் அங்கேயே இருந்து உளுந்து விதைக்கிறார். பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எல்லை விரிந்து அந்த நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. கம்பெனி தருவதாகச் சொன்னது பாதி விளைச்சலுக்குக்கூடக் காணாது. கையெழுத்துப் போடாதீர்கள், நான் மனு எழுதுகிறேன் என்று இசக்கிமுத்துவிடம் சொன்னேன். அவர் என்னிடம் கேட்கவேயில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மனு போட்டதுமே ஒரு வெற்றி. மனு முடியும்வரை நிலத்துக்குள் நுழைய மாட்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளை லேமினேட் செய்தேன்.

தாராவியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஃபைல் இருக்கும். குடிசையை இடித்து மாற்று வீடு கொடுக்கும் நாளில், இங்கேயே இடைவிடாமல் குடியிருந்தோம் என்று நிரூபிப்பதற்கான ஃபைல். மின்சார பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், சர்வே ரசீது. மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் டிவிக்கு முன்னால் அதைத்தான் தூக்குவார்கள். இசக்கிமுத்துவின் ஃபைலில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாத இடைவெளிகூடக் கிடையாது. அதன் அழகில் மயங்கி, முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தேன். மொத்தம் பதினேழு.

"இம்புட்டும் எதுக்குய்யா?" என்றார்.

"ஆபீஸ்ல கூடுதலா வச்சா யாரும் கேக்கமாட்டா" என்றேன்.

விசாரணைக்கு இருவரும் ரயிலேறிப் போனோம். பேச்சியம்மாளும் காட்டுவேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மனுவில் பெயர் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று நான்தான் அவரை வராந்தாவில் உட்காரவைத்தேன்.

கம்பெனியின் வக்கீல் ஓர் இளம்பெண். என் இணைப்புகளை ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார்.

"மனுதாரர் கொடுத்த எல்லா ஆவணத்தையும் நாங்க ஒத்துக்கறோம் சார். இருபத்தாறு வருஷமா தாராவிய விட்டு நகராதவர் இங்க எப்படி வெவசாயம் பாத்தார்னு மட்டும் கேளுங்க."

யார் விதைக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

"எம் பொஞ்சாதிதான் சார். வெளிய உக்காந்திருக்கா" என்றார் இசக்கிமுத்து.

அந்த அம்மாளின் மனு எங்கே என்று அதிகாரி என்னைக் கேட்டார். நான் இசக்கிமுத்துவின் பட்டாவைக் காட்டினேன். அதிகாரி பொறுமையாக விதியை எடுத்து, 'அனுபவத்தில் வைத்திருப்பவர்' என்ற இடத்தில் விரலை வைத்து எனக்குப் படித்துக் காட்டினார்.

மனு தள்ளுபடி. மனைவி பெயரில் புதிதாகப் போடலாம் என்றார்கள். மனு முடிந்ததால் கம்பெனி எழுதிக் கொடுத்ததும் முடிந்தது. மறுநாள் காலை நான் புது மனுவோடு ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் லாரிகள் வரப்பில் ஏறிவிட்டன. உளுந்து பூத்திருந்தது. சாயங்காலத்துக்குள் கிணற்றை மூடிவிட்டார்கள்.

பேச்சியம்மாள் அழவில்லை. "பெரிய ஆபீசருன்னு இவுக சொன்னாவ. யாரு வெதைக்கான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றார். நான் லேமினேட் செய்த தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதற்குப்பின் எங்கள் வீட்டில் நான் பேனாவை எடுத்தாலே போதும். செம்பூரில் இருக்கும் மகளுக்கு என் மனைவி போன் போட்டுவிடுவாள். "அப்பா காஸ் புக் பண்றார்டி. இணைப்பு பதினேழு." மாப்பிள்ளை, பேத்தி, எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோரும் சிரித்தாயிற்று. இசக்கிமுத்துவும் சிரிக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேச்சியம்மாளின் மனுவுக்காக ஒன்பது நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன். ஒருவழியாகப் பதில் வந்தது. அவர்தான் நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 11 காலை பத்து மணிக்குக் களப்பார்வை. நிற்கும் பயிரையும் பாசனக் கிணற்றையும் மனுதாரர் நேரில் காட்ட வேண்டும், வராவிட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அங்கே இப்போது இருப்பது அறுபதடிப் பள்ளம். அதையாவது அவர் காட்டியிருப்பார். ஆனால் பதில் அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்தில், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, என் மாட்டுங்கா முகவரியை எழுதியிருந்தேன்.

கடிதம் என் கைக்கு வந்த தேதி ஆகஸ்ட் 14.