வாங்கப்போகிற மர்ஸூக்

குவைத்தில் எந்தத் திவானியாவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆண்கள் கூடி உட்கார்ந்து சின்னக் கண்ணாடிக் குவளைத் தேநீரோடு உலக விவகாரத்தையெல்லாம் மென்று துப்புகிற அந்த நீளக் கூடத்தில், சுவரோரம் சாய்ந்திருக்கும் பதினைந்து பேரில் ஒருவர் கட்டாயம் இந்த இனமாக இருப்பார். வாங்கப்போகிறவர். வாங்கியவர் அல்ல, வாங்க வக்கில்லாதவரும் அல்ல. பணம் இருக்கிறது, விற்பனைக்காரரின் கைபேசி எண் மனப்பாடம், வீட்டு வாசலில் காருக்கென்று நிழற்கூரை போட்டு அதன் கீழே கழுவிவிட்ட தரைகூடத் தயாராக இருக்கிறது. வாங்கவேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதை மட்டும் அவர் செய்யமாட்டார்.

காலிதிய்யா வட்டாரத்தில் இந்த இனத்தின் முதல்தரமான உருப்படி மர்ஸூக். மூத்த மகன் பெயரைச் சேர்த்து மரியாதையாக 'பூ யூசுப்' என்பார்கள், யூசுபின் அப்பா என்று அர்த்தம். வயது ஐம்பத்திரண்டு. அமைச்சகம் ஒன்றில் பிரிவுத் தலைவர். அவர் மேசைக்குப் போன கோப்பு திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் அங்கே அதிகம் இல்லை.

ஐந்து வருஷமாக அவரைப் பிடித்து ஆட்டுகிற கேள்வி ஒன்றே ஒன்று. ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரா, அமெரிக்க மஸில் காரா? ஒன்று தாழ்வாக, ஒல்லியாக, வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது. மற்றது நீண்ட மூக்கும் எட்டு சிலிண்டரும் வைத்துக்கொண்டு, நிற்கும்போதே பக்கத்து வீட்டு ஜன்னலை அதிரவைப்பது. எது? நீங்கள் ஜெர்மன் என்று சொல்லிப் பாருங்களேன்.

"ஜெர்மனா? உனக்கு வண்டின்னா என்னன்னு தெரியுமா? அது ஆஸ்பத்திரி மாதிரி, எல்லாம் சுத்தமா இருக்கும், உயிர் மட்டும் இருக்காது."

சரி பூ யூசுப், அமெரிக்கன்தான் என்று ஒப்புக்கொண்டீர்களா? தொலைந்தீர்கள்.

"அமெரிக்கனா? நேரா ஓடறதுக்கு ஒட்டகம் போதுமே! வளைவுல திருப்பிப் பார்த்திருக்கியா நீ?"

இப்படி யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் தாவி, இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் காற்றில் பிடித்து, கண்ணை மூடி, உதட்டைக் குவித்து எட்டு சிலிண்டரின் உறுமலைத் தொண்டையிலிருந்தே எழுப்பி, பக்கத்தில் இருப்பவர் தேநீரில் எச்சில் தெறிக்க மூன்றாவது கியர் போட்டு, கடைசியில் கண்ணைத் திறந்து பெருமூச்சோடு சொல்வார்: "அவசரப்படக் கூடாது. ரோட்டைப் பொறுத்து இருக்கு." சொல்லிவிட்டு வெளியே வந்து, பின்ஜன்னல் இறங்கினால் ஏறாத பதினொரு வருஷப் பழைய ஏழு பேர் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போவார். அது அவர் மனைவி இன்திசார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட வாங்கியது.

தானும் வாங்கமாட்டார், சரி. வாங்கியவனையாவது விடுவாரா? கட்டட ஒப்பந்தக்காரர் பர்ராக் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சிவப்பு அமெரிக்கக் காரைத் திவானியா வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாரும் வெளியே ஓடினார்கள். மர்ஸூக் ஓடவில்லை. குவளையை நிதானமாக வைத்துவிட்டு வந்து, காரை இரண்டு சுற்று சுற்றி, விரல் கணுவால் கதவை ஒருமுறை தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, "நல்லாத்தான் இருக்கு... உனக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் பர்ராக் அதை விற்றுவிட்டார். அந்த 'உனக்கு' அவரைத் தூங்கவிடவில்லை.

இதுவரைக்கும் சிரிப்புதான். இனிமேல் துவைஜின் கதை.

துவைஜும் மர்ஸூக்கும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பிரம்படி. துவைஜ் எண்ணெய்க் கிணறுகளில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மருந்தாளராக வேலை பார்க்கும் மகள் லுல்வாவோடு இருக்கிறார். அதிகம் பேசாதவர் என்பதால் மர்ஸூக்குக்கு அவரை மிகவும் பிடிக்கும். போன வருஷம் பிப்ரவரியில் ஒருநாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் அவர் மர்ஸூக்கைக் கடற்கரை நடைபாதைக்குக் கூட்டிப்போனார்.

"மர்ஸூக், எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்குடா."

"என்னடா சொல்றே?"

"ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வருதாம். கடைசியில குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி ஆயிடுமாம். அடுத்த குளிர் வரைக்கும் வண்டி ஓட்டலாம், அதுக்கப்புறம் சாவியைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மர்ஸூக் அங்கேயே நின்றுவிட்டார். கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. நண்பனை இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். அவர் நல்லவர்தான். இந்த இனத்தில் கெட்டவர்கள் ரொம்பக் குறைவு, கஷ்டமே அதுதான்.

"அழாதே, கேளு," என்றார் துவைஜ். "பதினெட்டு வயசுல சொல்லிக்கிட்டோமே, நல்ல வண்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு ஓமான்ல சலாலா வரைக்கும் போகணும்னு. இங்க கொளுத்துற வெயில்ல அங்க மலையெல்லாம் மழை தூறுமே, அப்போ. நான் ஓட்ட, நீ பக்கத்துல உக்காந்து வாயை மூடாம பேசிக்கிட்டு வர. இந்தக் கோடையில போயிடுவோம்டா. காரைப் பத்தித் தெரிஞ்சவன் நீ. நீ எதைச் சொல்றியோ அதை நாளைக்குக் காலையில போய் வாங்கிடறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு வார்த்தை! மர்ஸூக் வாயைத் திறந்தார். ஐந்து வருஷப் படிப்பும் கேள்வி ஞானமும் நெஞ்சுவரை ஏறி வந்து நின்றன.

"அது... நீ எந்த ரோட்டுல போறேங்கறதைப் பொறுத்து இருக்கு."

மறுநாளிலிருந்து அவர் அரும்பாடு பட்டார் என்பதை யாரும் மறுக்க முடியாது. மூன்று வாரம் துவைஜை இழுத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கும் சவாரிகள். ஆனால் ஓட்டியது மர்ஸூக். நாற்பது வரிசையில் ஓர் ஒப்பீட்டுப் பட்டியல். பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குறையாத குரல் செய்திகள், ஒவ்வொன்றும் முந்தையதை மறுத்து. ஜூன் வந்ததும், "இந்த வெயில்ல புது எஞ்சினை வறுத்தெடுக்கக் கூடாது, பொறு" என்றார். கோடை போயிற்று. அக்டோபரில், "ரெண்டு மாசத்துல புது மாடல் வருது. இப்ப வாங்கறவன் முட்டாள்." டிசம்பரில் புது மாடல் வந்தது. போய்ப் பார்த்தார். முன்விளக்கு மாறியிருந்தது.

"முகமே கெட்டுப்போச்சுடா. பழைய மாடல் எங்கயாவது மிச்சம் இருக்கும், தேடிப் பிடிப்போம்."

துவைஜ் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்கிறீர்களா? வந்தது. ஆனால் நாற்பது வருஷ நண்பனை, அதுவும் தனக்காக இவ்வளவு அலைகிறவனை, எப்படிச் சந்தேகப்படுவது?

ஜனவரியில் ஒரு காலை, தன் பழைய பிக்அப்பைப் பின்னால் எடுக்கும்போது சொந்த வீட்டு வாசற்தூணையே இடித்துவிட்டார் துவைஜ். தூண் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இறங்கினார். அங்கே குழந்தை நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது என்று உறைத்தது. ஓட்டுநர் உரிமத்தைப் பையிலிருந்து எடுத்து லுல்வாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் திவானியாவுக்கு அவரை மகள்தான் கொண்டுவந்து வாசலில் விட்டுப்போனாள். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பர்ராக் எழுந்து இடம் கொடுத்தார், இன்னொருவர் தேநீரை அவர் கைக்கு நேராக நீட்டினார். மர்ஸூக்குக்கு மனசு கேட்கவில்லை. நண்பனைத் தேற்ற வேண்டுமே!

"அட, விடுடா துவைஜ்," என்றார். "நல்லவேளை, நாம அவசரப்பட்டு வாங்கலை. வாங்கியிருந்தா இப்போ எவ்வளவு நட்டம் பாரு!"

துவைஜ் குவளையைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் தட்டு இல்லை. தேநீர் கம்பளத்தில் கொட்டியது. மகளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் இரண்டு கார்க் கடைகளுக்குப் போனார்கள். துவைஜ் விலை கேட்கவில்லை, வேகம் கேட்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஜெர்மன் கார் சீராக, தேர்ந்த தையல் மெஷின் மாதிரி ஓடியது. "நல்லா இருக்கு" என்றார் துவைஜ். அடுத்த கடையில் அமெரிக்கன். அவர் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சின் பிடித்ததும் அதிர்வு கையில் ஏறி, தோளில் ஏறி, நெஞ்சுக்கூட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அவர் சிரித்தார். ஒரு வருஷத்தில் லுல்வா பார்த்த முதல் சிரிப்பு அது.

"ஓட்டப்போறது நீதானேம்மா. உனக்கு எது?"

"கேக்கப்போறது நீங்கதானேப்பா. இதுவே இருக்கட்டும்."

"கலர்?"

"உங்களுக்கு எது நல்லாத் தெரியுது?"

"மஞ்சள்."

முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அந்த மஞ்சள் கார் மர்ஸூக் வீட்டு வாசலில் வந்து உறுமியது. வருத்தத்தைத் துவைஜ் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. "ஏறுடா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார். இடம் இருந்தது பின்னால் மட்டும். அந்த வகைக் காரின் பின்னிருக்கை மனிதர்களுக்காக வைத்ததல்ல. அங்கியை மடித்துப் பிடித்து, தலைத்துணி நழுவ, முழங்கால் தாடையில் இடிக்க, மர்ஸூக் எப்படியோ உள்ளே புதைந்தார். புதைந்த மறுநிமிஷமே ஆரம்பித்துவிட்டார். கியர் மாறுவது தாமதமாம். பிரேக் மிதி கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதாம். ஜெர்மன்காரன் என்றால் இந்தத் தார்ச்சாலை மேடுபள்ளத்தைக்கூடத் தெரியவிடமாட்டானாம். கடலோரச் சாலை முழுக்க இதே பாட்டு.

"லுல்வா, வளைவுக்கு முன்னாடியே காலை எடும்மா. இது திரும்பாது."

"திரும்பிட்டேன் மாமா. அந்த வளைவு போயே போச்சு."

துவைஜ் பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"சரிடா. இப்பவாவது சொல்லு. நான் எதை வாங்கியிருக்கணும்? ஒரே வார்த்தை."

தனக்குத் தெரியாது என்பது அந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் மர்ஸூக்குக்கு முதல்முதலாகத் தெரிந்தது. அதைவிட மோசமான இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மறுநாள் திவானியாவில் தனக்குப் பேச என்ன இருக்கும்? 'மன்னிச்சிடுடா' என்ற சொல் உதடுவரை வந்தது.

"அதாவது," என்றார். "ரெண்டுக்கும் ஒரு இது இருக்கு."

துவைஜ் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். லுல்வா சிரிக்கவில்லை.

"ஜூலையில சலாலா கிளம்பறோம்," என்றார் துவைஜ், அவரை வீட்டில் இறக்கிவிடும்போது. "லுல்வா லீவு போட்டுட்டா. நீ இப்ப கசங்கிக்கிட்டு உக்காந்திருந்த இடம் உனக்குத்தான். வர்றியா?"

"சொல்றேன்டா."

இரண்டு வழி இருக்கிறது சலாலாவுக்கு. எமிரேட்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் சவூதியின் பெரும் பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிப் போகலாம். மர்ஸூக் காகிதத்தை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் மற்றது. இன்திசார் மூன்று தடவை பெட்டியை எடுத்து வைத்தாள், மூன்று தடவை திரும்பப் பரண் மேல் ஏற்றினாள். "போயிட்டு வாயேன், மனுஷா! அவன் உன்னைத்தானே கூப்பிடறான்!" என்று நான்காவது தடவை அவள் கத்திய அன்று காலையில், மஞ்சள் கார் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் அமைச்சகத்தில் இருக்கும்போது குரல் செய்தி ஒன்று வந்தது. வாசகரே, அதில் பேச்சே இல்லை. கண்ணாடியில் மழை பெய்கிற ஓசை, வைப்பர் போய்வருகிற ஓசை, கீழே எட்டு சிலிண்டரின் மெல்லிய முணுமுணுப்பு, இவற்றுக்கு நடுவில் துவைஜ் குழந்தை மாதிரி சிரிக்கிற ஓசை. மர்ஸூக் அறைக்கதவைச் சாத்திவிட்டு அதை மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா?

அன்று சாயங்காலம் திவானியாவில் அந்தச் செய்தியை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். கூடம் அடங்கிப்போய்க் கேட்டது. முடிந்ததும் மர்ஸூக் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"வைப்பர் சத்தம் கேட்டுச்சா? ஜெர்மன்ல இந்தச் சத்தம் வராது."

போகட்டும், அவரை விடுங்கள். நீங்கள் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்: இடையில் எங்காவது ஓரிடத்தில், துவைஜின் கண்ணை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, 'அது இருக்கட்டும், நிஜத்தில் ரெண்டில் எதுதான் நல்ல வண்டி? இந்த ஆள் கடைசியிலாவது சொல்வானா?' என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்ததா இல்லையா? எழுந்திருந்தால் நீங்களும் இந்த இனம்தான்; நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று உங்களை நம்பி எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். யார் என்று யோசியுங்கள். சீக்கிரம் யோசியுங்கள். தயவுசெய்து அதற்கும் பட்டியல் போட உட்கார்ந்துவிடாதீர்கள்.